எதிர்வீட்டு அழைப்புமணி

அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருகிற எதையாவது படித்துவிட்டு யாரும் தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான். துறைமுக அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். ஒரு கப்பல் கரை சேர்வதற்கு முன்பே அதன் சரக்கு விவரம் எந்தத் திரையில் எந்த வரிசையில் வர வேண்டும் என்று விதி எழுதியவர்களில் ஒருவன். எதிர்வீட்டு அம்மாவோ பழைய டிரங்க் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போன் மாட்டி, ஊருக்கு ஊர் லைன் போட்டுக் கொடுத்த டெலிபோன் ஆபரேட்டர். அப்படியிருந்தும், எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டுத் திரை சிவந்து அலறினாலும் ஆட்கள் ஓடிவந்து அடித்தது அவர் வீட்டு அழைப்புமணியைத்தான். என் வீட்டு மணி நேர் எதிரே, திரும்பி நின்று கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. யாரும் திரும்பவில்லை.

இதைப் பொறாமை என்றே எழுதுகிறேன். ஆதங்கம், மனவருத்தம் என்றெல்லாம் மரியாதையான சொற்கள் உண்டு. அலுவலகக் குறிப்புகளில் அவற்றை நிறையவே பயன்படுத்தியிருக்கிறேன். இங்கே வேண்டாம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இணையத்தில் ஏதோ ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகும். சங்கு ஊதும். ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைத்துவிடாதீர்கள், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று மிரட்டும். மூடுவதற்கான பெருக்கல் குறி காணாமல் போயிருக்கும். அம்புக்குறி நகராது. உண்மையில் வைரஸ் எதுவும் கிடையாது. ஏதோ ஒரு வலைப்பக்கம் போலீஸ் வேஷம் போட்டு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெருக்கல் குறி திரும்பி வரும். வராவிட்டால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை முடித்துவிட வேண்டும். அதன் பிறகு செட்டிங்ஸுக்குள் போய், எந்தத் தளத்துக்கு நோட்டிபிகேஷன் அனுப்ப அனுமதி கொடுத்துத் தொலைத்திருக்கிறோம் என்று பார்த்து அதை நீக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் மறுநாளே திரையின் மூலையில் குட்டிக் குட்டி எச்சரிக்கைகள் எட்டிப்பார்க்கத் தொடங்கும்.

இவை எல்லாவற்றையும் நல்ல தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தேன். அடியில் என் பெயர், வீட்டு எண், கைபேசி எண். கொஞ்ச நாளில் அதன் மேலேயே தண்ணீர் லாரிக்காரர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார். யாரும் புகார் சொல்லவில்லை. தூத்துக்குடியில் எந்த எண் அவசரமான எண் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எதிர்வீட்டு அம்மா நாசரேத்துக்காரர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் கனடாவில். கழுத்தோடு வெட்டிவிட்ட நரைமுடி. கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்புறம் திருப்பிக் கட்டியிருப்பார். தலை எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அது ஹெட்போன் கொடுத்த சாய்வு. நேருக்கு நேர் நின்று பேசினாலும் அவர் உங்களுக்குக் காதைத்தான் கொடுப்பார், கண்ணைக் கொடுக்க மாட்டார். யாராவது மூச்சிரைக்க வந்து "அக்கா!" என்றால், உள்ளேயிருந்தே "லைன்ல இருங்க, வாரேன்" என்று குரல் வரும். அடுப்பை அணைக்கப் போனாலும் லைன்ல இருங்கதான், கண்ணாடியைத் தேடப் போனாலும் லைன்ல இருங்கதான். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரை எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அவருடைய வைத்தியத்தைப் பலமுறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் சத்தத்தை நிறுத்துவார். அந்த ஒன்று மட்டும் சரி. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, திரைக்கு முதுகையும் ஆளுக்கு முகத்தையும் காட்டி உட்காருவார். "பயந்துட்டியளோ? பயமாத்தான் இருக்கும். என்னா கத்து கத்துது, சவத்தெழவு." வந்தவர் அதற்குள் பாதி தெளிந்துவிடுவார். அதன் பிறகு, பவர் பட்டனை அழுத்தியே பிடித்து மொத்தமாக அணைப்பார். எந்தக் கையேட்டிலும் கடைசிப் பக்கத்தில், வேறு வழியே இல்லாவிட்டால் என்ற தலைப்பின் கீழ் இருக்க வேண்டிய காரியம் அது. மறுபடி திறந்ததும், பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரட்டுமா என்று பிரவுசர் கேட்கும். அந்த இடத்தில் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். "வேண்டாம்னு அமுக்குங்க" என்பார். அமுக்கியாயிற்று என்று சொல்லும்வரை ஜன்னலுக்கு வெளியே காயப்போட்ட துணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அனுமதியை நீக்க மாட்டார். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அதனால் அவர் பார்த்த கேஸ் எல்லாம் திரும்பி வந்தது. நான் பார்த்த கேஸ் எதுவும் திரும்பி வரவில்லை. அவர் மணி ஓயாமல் அடிப்பதற்கும் என் மணி துருப்பிடிப்பதற்கும் இதுவே காரணம் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். என் மனைவியிடமும் விளக்கினேன்.

"ஆமா சார், நோயைத் தீர்க்காத டாக்டர்கிட்டதான் கூட்டம் அம்முது," என்றாள் அவள். நான் அதிகாரி தோரணையில் பேசும்போதெல்லாம் அவள் என்னைச் சார் என்று கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய கேலி. நின்றதே இல்லை.

கீழ்த்தளத்தில் இரும்புக்கடை அண்ணாச்சி குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் வீட்டில் சங்கு ஊதியது. அக்கா ஆராதனைக்குப் போயிருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். காரணத்தை மறைக்க விரும்பவில்லை. நான் போனபோது அண்ணாச்சியின் மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் லேப்டாப்பைச் சுற்றி நின்றிருந்தார்கள். அண்ணாச்சி பனியனோடு நடுவில்.

"இது வர்றதுக்கு முன்னாடி எந்தப் பக்கத்துல இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா நியூஸ் பாத்துக்கிட்டு இருந்தேன் சார்."

"என்ன நியூஸ்?"

"பொதுவாத்தான். நாட்டு நடப்பு."

"நாட்டு நடப்புல இது வராதே அண்ணாச்சி. ஹிஸ்டரியைப் பார்த்துருவோம்."

"அதெல்லாம் எதுக்கு சார்? இதை மட்டும் அமத்தி விடுங்க, போதும்."

எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் எப்படி நீக்குவது? பார்த்தேன். பார்த்ததை உரக்க வாசித்தேன்; சோதனையில் கண்டதைக் கூட இருப்பவர்கள் கேட்க வாசிப்பது நான் பழகிய முறை. வழுக்கைத் தலையில் முடி வளர்க்கும் மூலிகை எண்ணெய். அதே பக்கம் பலமுறை திறக்கப்பட்டிருந்தது. மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அங்கிருந்து வந்த சத்தம் சிரிப்புதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அண்ணாச்சியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"அதான பாத்தேன், தலகாணி உறை பூரா என்ன வாடைன்னு!" என்றார்.

அண்ணாச்சி தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். நான் அந்தத் தளத்தின் அனுமதியை முறைப்படி நீக்கினேன். அதன் பிறகு அந்த எண்ணெய்க்காரர்களின் தொல்லை அந்த வீட்டில் இல்லை. காப்பி கொடுத்தார்கள். அண்ணாச்சி என்னோடு உட்கார்ந்து குடிக்கவில்லை.

சில மாதம் கழித்து வேறு யாரோ ஒரு கூட்டம் அதே லேப்டாப்பில் சங்கு ஊதியது. அண்ணாச்சியிடம் என் கைபேசி எண் இருந்தது. அவர் என்னைக் கூப்பிடவில்லை. திரையில் மிரட்டிய எண்ணைக் கூப்பிட்டார். அந்த முனையில் ஒருவன் தேனாகப் பேசி, ஒரு செயலியை இறக்கச் சொல்லி, பிறகு வங்கிக் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மருமகளுக்குத்தான் பொறி தட்டியிருக்கிறது. மாடிக்கு ஓடிவந்தாள். எந்த மணியை அடித்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக் கதவு திறந்திருந்ததால் நானும் இறங்கினேன்.

அக்கா அண்ணாச்சியின் கையிலிருந்து போனை வாங்கினார். தலையைச் சாய்த்தார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். ஏற்ற இறக்கமே இல்லாத, வெட்டி வைத்த மாதிரியான, டிரங்க் காலில் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை குறுக்கிட்ட காலத்து ஆபரேட்டர் ஆங்கிலம்.

"டிரங்க்ஸ். யுவர் த்ரீ மினிட்ஸ் ஆர் ஓவர், சார். எக்ஸ்டெண்ட் ஆர் டிஸ்கனெக்ட்?"

அந்தப் பக்கம் திணறியது. "மேடம்... ஹூ இஸ் திஸ்?"

"ஆபரேட்டர்."

அவன் வாழ்நாளில் அந்த வார்த்தையைக் கேட்டிருக்க மாட்டான். "டிஸ்கனெக்டிங்" என்றார் அக்கா, வைத்தார். "அண்ணாச்சி, லைன் கட்டாயிட்டு. தண்ணி குடிங்க."

வீடு வெடித்துச் சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. நான் அந்த நேரத்தில் இணைப்பைத் துண்டித்து, பாதி இறங்கியிருந்த செயலியை அழித்து, என் கைபேசி வழியாகக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் அண்ணாச்சியை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்று கார்டை முடக்கி, புதிதாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். அவருடைய கணக்கைக் காப்பாற்றியது எது என்று நிதானமாக யோசிக்கிறவர்களுக்குப் புரியும். ஆனால் இரும்புக்கடையில் கம்பி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அண்ணாச்சி சொன்ன கதை மூன்று நிமிஷக் கதைதான். குரலை மாற்றி நடித்தே காட்டுவாராம். வங்கியில் வரிசையில் நின்ற கதையை யாரும் முதல் முறையே கேட்பதில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அண்ணாச்சி வீட்டிலிருந்து அக்காவுக்கு ஒரு பெரிய பெட்டி மக்ரூன் வந்தது. எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. காராச்சேவு.

ஒருநாள் மாடிப்படியில் வைத்து நேராகவே கேட்டுவிட்டேன். "எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்க பார்க்கிறதே இல்லையே. காரணம் தெரியாம எப்படிம்மா சரி பண்ண முடியும்?"

"எக்ஸ்சேஞ்சுல அப்படிப் பழகிட்டோம் சார். லைனைக் குடுத்தா வெளிய வந்துரணும். பேசுதது காதுல விழத்தான் செய்யும். விழாத மாதிரி இருக்கணும். அதுக்குத்தான சம்பளம்."

"இது எக்ஸ்சேஞ்ச் இல்லையே."

"இல்லதான்," என்று சிரித்தார். "நீங்க நல்லாக் கேள்வி கேப்பிய சார். எனக்கு அது வராது."

பாராட்டு மாதிரித்தான் இருந்தது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகும் அது பாராட்டுதானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் வெளி விவகாரம். சகித்துக்கொள்ளலாம். எனக்குச் சகிக்காதது வேறு. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் என் மனைவி எதிர்வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு. எங்கள் ஊர் டெலிபோன் எண்கள் குட்டையாக இருந்த காலத்து எண்களை அக்கா ஒன்றுவிடாமல் வைத்திருந்தார். என் மனைவியும் அப்படித்தான். நான் அலுவலகத்தில் டைரக்டரியைப் புரட்டிக்கொண்டிருந்த காலத்திலும் அவளுக்கு எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. "ஏளா, பீச் ரோட்டு ஐஸ் கம்பெனி?" என்பார் அக்கா. இவள் எண்ணைச் சொல்வாள். "உப்பு ஆபீஸு?" சொல்வாள். "மணியடிச்சாலும் எடுக்கவே மாட்டானே, அந்தப் பலசரக்குக் கடை?" அதையும் சொல்வாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னோடு அவள் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. அவளை ஏளா என்று கூப்பிட அவள் அம்மாவுக்குப் பிறகு உலகத்தில் யாரும் இருக்கவில்லை. அக்கா கூப்பிட்டார். அவளும் ஓடினாள்.

போகப்போக அந்த விளையாட்டில் இடைவெளி விழுந்தது. எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தாலே எல்லாம் கேட்கும். அக்கா கடையின் பெயரைச் சொல்வார். இவள் பேசமாட்டாள். கொஞ்சம் பொறுத்து அக்கா முதல் இலக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பார். அப்புறம் இரண்டாவதையும். விளையாட்டு என்று வந்துவிட்டால் இதென்ன சலுகை என்று நான் செய்தித்தாளுக்குப் பின்னால் முகம் சுளித்தேன்.

ஒருநாள் திரேஸ்புரத்துக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எங்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மேஜையில் இருக்க வேண்டிய லேப்டாப் இல்லை. எதிர்வீட்டு வாசலில் என் மனைவியின் செருப்பு. ஒன்று குப்புறக் கிடந்தது.

உள்ளே போனேன். என் லேப்டாப் அக்காவின் மேஜைமேல் அணைந்து கிடந்தது. என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா வழக்கம்போல் திரைக்கு முதுகைக் காட்டி அவள் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். ஒண்ணுமில்ல. சும்மா கத்துச்சு, அமத்தியாச்சு."

என் மனைவி. என் லேப்டாப். அந்த லேப்டாப்பின் செட்டிங்ஸை நானே உட்கார்ந்து சரிசெய்து அவளுக்குக் கொடுத்திருந்தேன். ஊரில் எவன் என்னைக் கூப்பிடாவிட்டாலும் போகட்டும்; இவள் ஒரு போன் செய்திருக்கலாம். மீன்கடை ஒன்றும் கொழும்பில் இல்லை.

"எதை அழுத்தினே?" என்றேன்.

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"எந்தப் பக்கத்துல இருந்தேன்னாவது சொல்லு."

"சார்," என்றார் அக்கா.

"நீங்க இருங்கம்மா. இது எங்க வீட்டு விஷயம். ஒரே ஒரு கேள்வி கேக்கிறேன். எதை அழுத்தினே? இதுக்குப் பதில் சொல்ல என்ன கஷ்டம்?"

"தெரியல," என்றாள்.

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல." அவள் தலையை நிமிர்த்தினாள். "என்னத்தைப் பாத்தேன், எதை அமுக்குனேன், ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. அதான் விஷயமே."

மீன் பையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி அக்காவின் தரையில் பரவிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டார். மீன் கழுவத்தான் என்றால் அவ்வளவு நேரம் குழாய் திறந்திருக்கத் தேவையில்லை. அந்தச் சத்தத்துக்குள் என் மனைவி சொன்னாள்.

உங்கள் ஞாபகசக்தியைச் சோதித்துப் பாருங்கள் என்று இணையத்தில் இலவசத் தேர்வுகள் இருக்கின்றன. அவள் அவற்றை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே நுழையும்போதே அனுமதி கேட்பார்கள். அனுமதித்தால்தான் கேள்வித்தாள் வரும். இப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் சிவப்புத் திரைகள் கிளம்பும். ஒரு தேர்வை எழுதி முடித்த பிறகு, இதை நேற்றும் எழுதினோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வருமாம். மறுபடி எழுதுவாளாம். நாசரேத்தில் அக்காவின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் போன அன்று, அவர்கள் போனது பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம். ஆரம்பம்தான், மாத்திரை சாப்பிடுங்கள், அடுத்த முறை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா கேப்பிய. எப்ப இருந்து, எத்தன நாளா, முதல்ல எதை மறந்தேன்னு வரிசையாக் கேப்பிய. எனக்குப் பதில் தெரியாதுல்லா."

"அக்கா கேக்கலியா?"

"அக்கா ஒண்ணும் கேக்க மாட்டாவ."

பயம் பிற்பாடு வந்தது. அன்று சாயங்காலம், அவள் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. ஆனால் அந்த நாற்காலியின் முன் நின்றபோது எனக்குள் முதலில் எழுந்தது பயம் இல்லை. டாக்டர் முன்னால் என் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எதிர்வீட்டுக்காரர் என்பதுதான். முதல் இலக்கத்தையும் இரண்டாவதையும் எடுத்துக் கொடுத்தது சலுகை இல்லை என்பதும், அக்காவுக்கு இது எப்போதோ தெரியும் என்பதும்தான். என் வீட்டில் நடந்தது அடுத்த வீட்டுக்கு முதலில் தெரிந்திருக்கிறது. அடுத்த வீடு அதை வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறது, என்னிடமிருந்தும்.

அடுத்த முறை பாளையங்கோட்டைக்கு நான் போனேன். அந்த டாக்டர் என்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்கிறவராக இருந்தார். அவருக்கு அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

அக்காவை அவர் மகள் கனடாவுக்குக் கூட்டிப்போனாள். கிளம்பிய அன்று கட்டடமே லிப்டுக்கு முன்னால் நின்றது. எனக்கு அலுவலகத்தில் நடத்திய பிரிவுபசாரத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. இருந்தவர்களும் பஜ்ஜிக்காக நின்றார்கள். அண்ணாச்சி பெட்டியைத் தானே தூக்குவேன் என்று அடம்பிடித்தார். அக்கா வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். "கரண்ட் பில் வந்தா பாத்துக்கிடுங்க சார். உங்களுக்குத்தான் எல்லா முறையும் தெரியும்." அப்புறம் என் மனைவியின் பக்கம் தலையைச் சாய்த்தார். "ஏளா. லைன்ல இரு." அவள் தலையாட்டினாள். முறைகள் எனக்கு, லைன் அவளுக்கு.

இது நடந்து கொஞ்ச நாள் ஆகிறது. சென்ற வாரம் ஒரு மத்தியானம் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சங்குச் சத்தம் கேட்டது. ஹாலில் இல்லை, வெளியே. போய்ப் பார்த்தேன். என் மனைவி எதிர்வீட்டின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கைக்குழந்தையைப்போல் ஒரு கையில் அணைத்த லேப்டாப் சிவந்து அலறிக்கொண்டிருந்தது. மறு கையால் அழைப்புமணியை அழுத்திக்கொண்டிருந்தாள். கரண்ட் பில்லை நான் ஒழுங்காகக் கட்டி வந்ததால் மணி நன்றாகவே வேலை செய்தது. காலி வீட்டுக்குள் அது அடித்து அடித்து ஓய்வது கேட்டது.

"அக்கா தூங்குதாவ போல," என்றாள்.

என் வாய்வரை வந்த கேள்விகள் எனக்குத் தெரியும். அவற்றின் வரிசையும் தெரியும். அக்கா எங்கே போனார் என்பது முதல் கேள்வி. எதை அழுத்தினே என்பது கடைசி.

"லைன்ல இரு," என்றேன். "வாரேன்."

லேப்டாப்பை வாங்கிச் சத்தத்தை நிறுத்தினேன். மாடிப்படியில் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். திரையை எங்கள் இருவருக்கும் எதிர்ப்பக்கமாகத் திருப்பிவைத்தேன்.

"பயந்துட்டியா?"

"லேசா."

"பயமாத்தான் இருக்கும். என்னா கத்து கத்துது."

அவள் மூச்சு நிதானமாகும்வரை இருந்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். முப்பது வருஷ சர்வீஸில் ஒருவரையும் நான் அதைச் செய்ய விட்டதில்லை. மறுபடி திறந்தேன். பழைய பக்கங்களைக் கொண்டுவரட்டுமா என்று பிரவுசர் கேட்டது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு நொடி போதும். அனுமதியை நீக்கும் வேலையும் பாக்கி இருந்தது. அவள் காப்பி போடப் போகும்போது செய்துகொள்ளலாம். லேப்டாப்பை அவள் மடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கே பார்க்க, லிப்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் லாரிக்காரரின் ஸ்டிக்கர்தான் இருந்தது. அதைப் பார்த்தேன்.

"வேண்டாம்னு அமுக்கு."

"அமுக்கியாச்சு."

திரும்பினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரமாகப் பார்த்திருப்பாள் போல.

"நல்லாப் பண்ணுதியளே சார்," என்றாள். "நீங்க எந்த எக்ஸ்சேஞ்ச்?"

கேலியா, இல்லை உண்மையிலேயே கேட்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினேன். பிடிபடவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"தூத்துக்குடி," என்றேன்.

"அப்பம் எங்க அக்காவைத் தெரிஞ்சிருக்குமே."

"தெரியும்," என்றேன். "எனக்கு சீனியர்."